மெழுகிலே தங்கிய குரல்கள்



கல்லிலும் ஓலையிலும் எழுத்தைப் பொறித்துவைத்த வரலாற்றை நாம் அறிவோம். மெழுகிலே குரலைப் பொறித்துவைத்த காலமும் ஒன்று உண்டு. 1877ஆம் ஆண்டிலே எடிசன் தகரத்தாளில் ஒலியைப் பதித்துக் காட்டினார். பத்தாண்டு கழிந்தபின் தகரத்தாளின் இடத்தை மெழுகுருளை பெற்றது.

அக்கருவி இலங்கைக்கும் வந்தது. 1908ஆம் ஆண்டையொட்டிச் செலிக்மன் தம்பதியர் வேடர்தம் பாடல்களை உருளைகளிற் பதிவுசெய்தனர். மையர்ஸ் என்னும் அறிஞர் அவற்றைக் கேட்டாராய்ந்து எழுதிய பகுதி, 1911இல் வெளிவந்த வேடர் பற்றிய அவர்களது நூலில் இடம்பெற்றது. அவ்வுருளைகள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்திற் பேணப்படுகின்றன.

மெழுகு என்று வழங்கினும் இது தேன்மெழுகு அன்று. பெரும்பாலும் கொழுப்பமிலமும் உலோகமும் சேர்ந்த ஒருவகைச் சவர்க்காரமே. ஈரம் மிகுந்தால் அதன்மேற் பூஞ்சணம் வெண்ணிறமாய்ப் படரும். மெழுகையே உண்டு நுண்குழிகளை உண்டாக்கும். குரல் முழுவதும் தங்கியிருப்பது மயிரிழை போன்ற மேற்பரப்பு வரிகளிலேயாம். ஆகவே மேற்பரப்பு அரிக்கப்பட்ட இடத்திற் பாட்டு மறைந்து இரைச்சலே எஞ்சும். ஒவ்வொரு முறை இசைக்கும்போதும் ஊசியும் அவ்வரிகளைத் தேய்க்கும். கையின் வெப்பம் பட்டும் உருளை வெடிப்பதுண்டு.

இழந்த மேற்பரப்பை மீட்க வழியில்லை. எனவே உருளைகளைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைப்பர். வெளிப்புறத்தைத் தொடாது, உட்புறத்தே இரு விரல் நுழைத்து எடுப்பர். இக்காலத்தில் அமெரிக்காவின் பேர்க்கிலி ஆய்வுக்கூடத்தார், ஊசி படாமல் ஒளியினாலேயே வரிகளை அளந்து ஒலியாக்கும் முறையைக் கண்டுள்ளனர். பூஞ்சணம் முந்துமுன் படியெடுத்துவிடுவதே அனைத்திலும் சிறந்த காப்பு.

கிளிநொச்சியில் இருந்து இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2008இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது, முதியோர் பாடிய அருவிவெட்டுப் பாட்டுகள் அடங்கிய ஒலிநாடாக்கள் பாடசாலை அலுமாரியிலேயே தங்கிவிட்டன. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. பாடியவருட் பலரும் இல்லை. எங்களிடம் ஒரு படியேனும் இருந்ததில்லை.

குருவிப் பள்ளும், பன்றிப் பள்ளும், முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் அறிந்த முதியோர் உங்கள் ஊரில் இருப்பின், அவர்தம் குரலை இவ்வாண்டே பதிவுசெய்யுங்கள். பதிந்ததை இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.