ஒரே ஆளோட பேர்ல ரெண்டு ஸ்பார்க் ப்ளக்

1930கள்ல வந்த செவர்லே காருக்குப் பழைய ஸ்டாக் ப்ளக் தேடினீங்கன்னா 'ஏ.சி.'ன்னு போட்ட டப்பாவை நீட்டுவாங்க. ஃபோர்டு மாடல் டி-ன்னா 'சாம்பியன்'. ஏ.சி.ன்னா ஆல்டர்நேட்டிங் கரண்ட்னுதான் ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். (சிரிக்காதீங்க, நீங்களும் அப்படித்தானே?) அது ஆல்பர்ட் சாம்பியன். ரெண்டு டப்பாவுலயும் அவர் பேருதான். ஆனா ரெண்டும் போட்டிக் கம்பெனிங்க!

ஆல்பர்ட் சாம்பியன் 1878ல பாரிஸ்ல பொறந்தவர். 1899ல பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்துல ஜெயிச்ச ஆளு. அடுத்த வருஷம் அமெரிக்காவுக்குப் போனார். அங்க ரேஸ் கார் ஓட்டி கால் ஒடிஞ்சதெல்லாம் தனிப்பதிவு போடலாம். 1905ல பாஸ்டன்ல, ஸ்ட்ரானஹன் சகோதரர்களோட பணத்துல 'ஆல்பர்ட் சாம்பியன் கம்பெனி' ஆரம்பிச்சார். 1908ல ப்யூக் கம்பெனி வில்லியம் டூரன்ட் கூப்பிட்டதும், மிச்சிகன்ல இருக்கிற ஃப்ளின்ட் ஊருக்குக் கிளம்பிட்டார். கிளம்பினவர் பேரை விட்டுட்டுப் போயிட்டார். கம்பெனி அவங்க கையில, பேரும் அவங்க கையில. அவங்க ஒஹையோவில டொலிடோவுக்குப் போய் சாம்பியன் ப்ளக்கை உலகம் பூரா வித்தாங்க. இவர் ஃப்ளின்ட்ல 'சாம்பியன் இக்னிஷன்'னு நடத்தினதுக்கு எதிர்ப்பு வந்து, 1922ல 'ஏ.சி. ஸ்பார்க் ப்ளக்'னு மாத்த வேண்டியதாப் போச்சு. சொந்தப் பேரை முழுசா எழுத வழியில்லாம இனிஷியலோட நின்னவர்!

சரி, ப்ளக் விஷயத்துக்கு வருவோம். மாடல் டி-க்கு அரை இன்ச் பைப் த்ரெட். அடியில கூம்பி இருக்கும், இறுக்க இறுக்க அதுவே அடைச்சுக்கும். இப்போ வர்ற 14 மி.மீ. ப்ளக் அதுல நேரடியா ஏறாது. அந்தக் காலத்து சாம்பியன் எக்ஸ் ப்ளக்கைக் கழட்டி, பீங்கானை வெளிய எடுத்துத் துடைக்கலாம். அப்போ இஞ்சின் ஆயில் குடிக்கும், ப்ளக்ல கரி பிடிக்கும், துடைச்சுத்தான் ஆகணும்.

அடுத்தது சூடு. ப்ளக்கோட பீங்கான் மூக்கு ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேல இருந்தாதான் கரி தானா எரியும். 850ஐத் தாண்டினா பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும், பிஸ்டன்ல ஓட்டைகூட விழலாம். மூக்கு நீளமா இருந்தா சூடு தங்கும், அது 'ஹாட்' ப்ளக். குட்டையா இருந்தா 'கோல்ட்'.

இங்கதான் பலபேர் வழுக்கி விழறாங்க. ஏ.சி. 46ன்னா 4ங்கிறது 14 மி.மீ. த்ரெட், 6ங்கிறது சூடு. நம்பர் ஏற ஏற ஹாட். சாம்பியன்லயும் அப்படித்தான். ஜப்பான்காரன் என்.ஜி.கே.ல அப்படியே தலைகீழ், நம்பர் ஏறினா கோல்ட்! பழைய ஏ.சி. நம்பரைப் பாத்துக் குத்துமதிப்பா என்.ஜி.கே. வாங்கிட்டு வந்தீங்கன்னா வம்புதான். மாற்று அட்டவணை பாக்காம வாங்காதீங்க. த்ரெட் நீளமும் முக்கியம். அதிகமானா பிஸ்டன்லயே இடிக்கும்.

என்னைக் கேட்டா, முதல்ல கம்பெனி சொன்ன நம்பரையே போடுங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டுக் கழட்டிப் பாருங்க. மூக்கு இளம் பழுப்புன்னா சரி. வெளுத்துக் கொப்புளிச்சிருந்தா ஒரு படி கோல்ட். எண்ணெய்க் கரியா இருந்தா ஒரு படி ஹாட் போட்டா சமாளிக்கும், ஆனா தேஞ்ச பிஸ்டன் ரிங்கை அது மூடி மறைக்குது, அவ்வளவுதான்.

1927 மே மாசம் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டின விமானத்துல இருந்தது ஏ.சி. ப்ளக்தான். அவர் போய் இறங்கின அதே பாரிஸ்ல, அந்த வருஷம் அக்டோபர்ல ஆல்பர்ட் சாம்பியன் இறந்துட்டார். வயசு 49. டொலிடோ டப்பாவுல 'சாம்பியன்'ங்கிற பேரு மட்டும் அப்படியே இருந்துச்சு.