வழுக்கைக்கு மருந்து உண்டா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திரிங்காப்: வேலை முடிந்து வந்து கைப்பேசியைத் திறந்தால், மூன்றே மாதத்தில் அடர்ந்த முடி என்று ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. தோல் நிபுணர் ஒருவரைப் பார்க்க கேமரன் மலையிலிருந்து பெரும்பாலும் ஈப்போ வரை இறங்க வேண்டும். விளம்பரம் மட்டும் வீடு தேடி வந்துவிடுகிறது. அதனால்தான் பலர் மருத்துவரிடம் போகும் முன்பே எண்ணெய்க்கும் ஷாம்பூவுக்கும் ஊசிக்கும் பணம் கட்டி முடித்துவிடுகிறார்கள்.

முடி உதிர்வு என்பது ஒரே நோய் அல்ல. ஒரு வகைக்குப் பலன் தரும் மருந்து இன்னொரு வகைக்குப் பயன்படாது. எந்த வகை என்று தெரியாமல் தொடங்கும் சிகிச்சையில் பணம் வீணாகும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது. இன்றைய மருத்துவம் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எவ்வளவு உதிர்ந்தால் கவலைப்பட வேண்டும்?

மனிதர் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்வெடுத்து, பின்னர் விழுகிறது. அதே வேரிலிருந்து புதிய முடி முளைக்கிறது. எனவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. சீப்பில் நாலு முடி வந்ததும் பயப்படத் தேவையில்லை.

வகிடு அகலமாவது, முன்நெற்றி ஏறுவது, உச்சியில் தோல் தெரிவது, வட்ட வட்டமாக முடி கொட்டுவது, தலைத்தோலில் வலி, சிவப்பு, செதில் ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான்கு முக்கிய வகைகள்

முதலாவது, பரம்பரை வழுக்கை. ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உடலில் டிஎச்டி என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது. பரம்பரையாகவே அதற்கு எளிதில் பாதிக்கப்படும் முடிவேர்கள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து, தடித்த முடிக்குப் பதிலாகப் பூனை முடியை விடுகின்றன. பிடரியிலும் காதுக்கு மேலும் உள்ள வேர்களை டிஎச்டி அவ்வளவாகப் பாதிப்பதில்லை. வழுக்கை விழுந்தவர்களுக்கும் பின்பக்கம் முடி இருப்பது இதனால்தான். இந்த வழுக்கை அப்பா வழியாகவும் வரலாம், அம்மா வழியாகவும் வரலாம்.

இரண்டாவது, திடீர் உதிர்வு. டிங்கி, கோவிட் போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, திடீர் எடை குறைவு ஆகியவற்றுக்கு 2 அல்லது 3 மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக வரும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் முடி உதிர்வுக்குக் காரணமாகலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் இவை தெரிந்துவிடும்.

மூன்றாவது, நம்மவர்கள் புழுவெட்டு என்று சொல்லும் நோய். காசு அளவில் வட்டமாக முடி போய், தோல் மழமழவென்று இருக்கும். பெயரில்தான் புழு இருக்கிறது. எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தவறுதலாகத் தன் முடிவேரையே தாக்குவதால் இது வருகிறது. தொற்றாது. இந்தப் பிள்ளையின் சீப்பைத் தொடாதே என்று ஒதுக்குவது தேவையற்ற கொடுமை.

நான்காவது, இழுப்பால் வருவது. இறுக்கமான சடையும் கொண்டையும், தலையின் ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் அழுத்தி இழுக்கும் சுமைக் கயிறும் முடிவேரைப் பலவீனமாக்கும். தொடக்கத்திலேயே நிறுத்தினால் முடி திரும்பும். தழும்பான பிறகு திரும்பாது.

பிள்ளைகளுக்குச் செதிலோடு முடி உடைந்து விழுந்தால் அது படை எனப்படும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மேல்பூச்சு போதாது. உள்ளே சாப்பிடும் மருந்து வேண்டும்.

மினாக்சிடில்: இரத்த அழுத்தத்திலிருந்து தலைக்கு

மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாகத்தான் வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்ந்ததைக் கண்ட பிறகே அது தலைக்குப் பூசும் மருந்தானது. 1988-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆண்களின் வழுக்கைக்கு இதை அனுமதித்தது. பெண்களுக்கான அனுமதி 1991-இல் கிடைத்தது.

இது 2 விழுக்காடு, 5 விழுக்காடு அளவுகளில் விற்கப்படுகிறது. பூசத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி அதிகமாக உதிரலாம். பலர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பழைய முடி விழுந்து புதியது வருவதற்கான அறிகுறி அது. பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். பூசுவதை நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே போய்விடும்.

தோல் அரிப்பு, முகத்தில் தேவையற்ற முடி ஆகியவை வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இந்த மருந்து பூனைக்கு விஷம். குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரையையும் சில மருத்துவர்கள் இப்போது எழுதித் தருகிறார்கள். இதயக் கோளாறும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அதைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஃபினாஸ்டரைடு: ஆண்களுக்கான மாத்திரை

டெஸ்டோஸ்டிரோன் டிஎச்டியாக மாறுவதைத் தடுக்கும் மாத்திரை இது. புரோஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் அளவில் 1992-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 1 மில்லிகிராம் மாத்திரை 1997-இல் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. பலருக்கு உதிர்வு நிற்கிறது. சிலருக்கு முடி திரும்ப வளர்கிறது. பலன் தெரிய 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை ஆகலாம். இதையும் நிறுத்தினால் பலன் போய்விடும்.

சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறைவதும் விறைப்புக் குறைவும் ஏற்படுகின்றன. மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணத்தை இம்மாத்திரையின் பக்க விளைவாக ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு 2025 மே மாதம் உறுதி செய்தது. மனம் கனத்துப் போனால் மாத்திரையை நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் அல்ல இது.

கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. வயிற்றிலுள்ள ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். இதைச் சாப்பிடுபவர்கள் இரத்த தானம் செய்யும் முன் சொல்லிவிட வேண்டும். புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. பரிசோதனை அளவை இம்மாத்திரை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், 50 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

புழுவெட்டுக்குப் புதிய மருந்துகள்

சிறிய புழுவெட்டு பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். இல்லையென்றால் மருத்துவர் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார். தலை முழுவதும் கொட்டிப் போனவர்களுக்கு நெடுங்காலம் சரியான மருந்து இல்லாமல் இருந்தது. 2022 ஜூன் மாதம் பேரிசிடினிப் மாத்திரை அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. 2023 ஜூன் மாதம் ரிட்லெசிடினிப் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதி பெற்றது. இவை விலை உயர்ந்தவை. நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைப்பவை என்பதால், தொடங்கும் முன் காசநோய் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

பி.ஆர்.பி. ஊசி

நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்துத் தலைத்தோலில் ஊசியாகப் போடுவது பி.ஆர்.பி. சிலருக்கு முடி அடர்த்தியாகிறது. ஆனால் எவ்வளவு, எத்தனை முறை என்பதற்கு எல்லாரும் ஏற்ற ஒரே முறை இல்லை. இதற்குப் பெரும் தொகை கேட்டு, முடிவுக்கு உத்தரவாதம் தருகிறவரை நம்பக் கூடாது.

முடி மாற்று அறுவை சிகிச்சை

பிடரியில் உள்ள முடிவேரை எடுத்து வழுக்கையான இடத்தில் நடுவதே இச்சிகிச்சை. இடம் மாறினாலும் அந்த வேர் தன் பழைய குணத்தோடுதான் வளரும் என்பதை நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இன்றைய சிகிச்சைக்கு அதுவே அடிப்படை.

இதில் இரண்டு முறைகள் உண்டு. எஃப்.யு.டி. முறையில் பிடரியிலிருந்து ஒரு பட்டைத் தோலை வெட்டி எடுத்து, நுண்ணோக்கியில் வேர்களைப் பிரிக்கிறார்கள். அங்கே கோடாக ஒரு தழும்பு நிற்கும். எஃப்.யு.இ. முறையில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அளவுள்ள ஊசியால் வேர்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். புள்ளி புள்ளியாகச் சிறு தழும்புகள் இருக்கும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்துவிடும். இது இயல்பு. 3, 4 மாதம் கழித்து முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய 1 ஆண்டு ஆகும்.

அறுவை சிகிச்சை புதிய முடியை உருவாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். பிடரியின் கையிருப்பு தீர்ந்தால் மீண்டும் எடுக்க இடமில்லை. 20 வயதில் முன்நெற்றியில் நட்டுவிட்டு, 35 வயதில் அதன் பின்னால் உள்ளதெல்லாம் கொட்டிப் போனால் தோற்றம் முன்னிலும் மோசமாகும். எனவே நல்ல மருத்துவர் இளைஞர்களைச் சில ஆண்டுகள் மருந்தோடு காத்திருக்கச் சொல்வார். நட்ட பிறகும் மற்ற முடியைக் காக்க மருந்து தொடர வேண்டியிருக்கும்.

உயிர் போன சம்பவங்கள்

2016 மே மாதம் சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட 22 வயது இளைஞர் இரண்டே நாளில் உயிரிழந்தார். அவரே சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர். சிகிச்சைக்குப் பின் உடல்நிலை மோசமாகி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் காப்பாற்ற முடியவில்லை. அந்த நிலையத்தை அதிகாரிகள் பின்னர் மூடினர். 2019 மார்ச் மாதம் மும்பையில் 43 வயதுத் தொழிலதிபர் ஒருவரும் இதே சிகிச்சைக்குப் பின் இறந்தார்.

2022 செப்டம்பரில் இந்திய தேசிய மருத்துவ ஆணையம் விதிமுறை வெளியிட்டது. யூடியூப் பார்த்தோ பயிலரங்கு ஒன்றில் உட்கார்ந்தோ கற்றுக்கொண்டு முடி மாற்று சிகிச்சை செய்யக் கூடாது, முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி வேண்டும் என்று அது கூறியது.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2020 அக்டோபரில் கோலாலம்பூரில் அழகு நிலையம் ஒன்றில் கொழுப்பு நீக்கச் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் உயிரிழந்தார். சிகிச்சை வேறு என்றாலும் ஆபத்து ஒன்றுதான். மரத்துப் போகும் ஊசியின் அளவு மீறினாலோ ஒவ்வாமை வந்தாலோ, உடனே உயிர் காக்கும் ஆளும் கருவியும் அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா? மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

• கிளினிக் 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் மற்றும் சேவைகள் சட்டத்தின் கீழ் பதிவானதா? சான்றிதழைக் காட்டச் சொல்லலாம்.

• வேரை எடுப்பதும் நடுவதும் யார்? மருத்துவரா, உதவியாளரா?

• அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்?

• மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் உள்ளதா? அழகுப் பொருள்களுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருக்கும். என்.ஓ.டி. எண் உள்ள ஷாம்பூ வழுக்கையைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்தால், அந்த வார்த்தையை நம்பத் தேவையில்லை.

வீட்டில் சொல்லும் சில நம்பிக்கைகள்

மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பது உண்மையல்ல. சவரக் கத்தி தோலுக்கு மேலே உள்ளதைத்தான் வெட்டுகிறது, வேரைத் தொடுவதில்லை. வெட்டிய நுனி தடித்துத் தெரிவதால் அப்படித் தோன்றுகிறது. வேண்டுதலுக்கு மொட்டை போடுவது வேறு, வைத்தியம் வேறு. எண்ணெய் தேய்ப்பது முடி உடையாமல் இருக்க உதவும்; பரம்பரை வழுக்கையை நிறுத்தாது. தொப்பியோ ஹெல்மெட்டோ அணிவதால் வழுக்கை விழுவதில்லை.

எங்கே தொடங்குவது?

திரிங்காப் வட்டாரத்தில் இருப்பவர்கள் முதலில் அரசாங்க கிளினிக்கிலோ தானா ராத்தா சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனையிலோ காட்டலாம். எப்போது தொடங்கியது, அண்மையில் காய்ச்சல் வந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்கு வழுக்கை என்பதை எழுதிக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே நிபுணருக்குக் கடிதம் கிடைக்கும்.

வழுக்கை உயிரைப் பறிக்கும் நோய் அல்ல. சிகிச்சையே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் சரியான முடிவுதான். வேண்டும் என்று நினைப்பவர்கள் விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கு அழைக்கும் முன், தமக்கு வந்திருப்பது எந்த வகை உதிர்வு என்று ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.