வெங்காரம்: பொருந்தவைக்கும் உப்பின் பெயர்கள்

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் ஒரு வரன் எல்லா வகையிலும் பொருந்தி வந்தால் வங்காளிகள் 'சோனாய் சோஹாகா' என்பார்கள். தங்கத்தோடு வெங்காரம் சேர்ந்தது என்று பொருள். இந்திக்காரர்களுக்கு அது 'சோனே பே சுஹாகா'. இரண்டுக்கும் மூலம் 'சௌபாக்கியம்'. வடமொழி மருத்துவ நூல்கள் வெங்காரத்துக்குச் சூட்டிய பெயர்களில் அதுவும் ஒன்று.

தமிழ்ப் பெயர்களோ உலையருகே பிறந்தவை. வெம்மை, காரம் இரண்டும் புணர்ந்தால் வெங்காரம். நிறத்தை வைத்து வெண்காரம் என்போரும் உண்டு. வெண்கலம் பேச்சில் 'வெங்கல'மாவதால் அதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் பொருளின் குணத்தை அப்படியே சொல்வது 'பொரிகாரம்' என்ற பெயர்தான். வெங்காரத்தின் எடையில் ஏறக்குறைய 47 விழுக்காடு நீர். சூடேறியதும் நீர் ஆவியாக, உப்பு பொரிந்து உப்பும். இன்னும் காய்ச்சினால் கண்ணாடிபோல் உருகி, உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். பத்தர் ஊதுகுழலால் ஊதும்போது பற்று பிடிப்பது இதனால்தான்.

மற்றொரு வடமொழிப் பெயர் 'டங்கணம்'. அது பாரசீகத்தில் 'திங்கார்' ஆகி, ஐரோப்பிய வணிகர் வாயில் 'டிங்கல்' ஆனது. திபெத்திய ஏரிக்கரைகளில் அள்ளிய இந்த உப்பு ஆடுகளின் முதுகில் இமயத்தைக் கடந்தது; 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. வெங்காரத்தின் ஆங்கிலப் பெயரான 'போராக்ஸ்' வேறு வழியில் வந்த சொல். பாரசீக 'பூரா', அரபு 'பௌரக்', பிறகு லத்தீன். 1808இல் பிரான்சில் கே-லூசாக், தெனார் இருவரும், இங்கிலாந்தில் டேவியும் இதன் தனிமத்தைப் பிரித்தனர். டேவி முதலில் 'போராசியம்' என்றார்; 1812இல், கார்பனை ஒத்திருப்பது கண்டு 'போரான்' என மாற்றினார்.

ஒப்புமை பெயரளவில்தான். கார்பனுக்குப் பிணைய நான்கு எலக்ட்ரான்கள், போரானுக்கு மூன்றே. இந்தப் பற்றாக்குறையே அதன் கட்டமைப்பை முடிவு செய்கிறது. வெங்காரத்தில் பாதி போரான் அணுக்கள் மூன்று ஆக்சிஜனையும் மறுபாதி நான்கையும் பற்றியிருக்கின்றன. போரான்-ஹைட்ரஜன் சேர்மங்களில் இரண்டு எலக்ட்ரான்களை மூன்று அணுக்கள் பங்கிட்டுக்கொள்ள, அணுக்கள் கூண்டுகளாகத் திரள்கின்றன. மூடிய கூண்டு 'குளோசோ', ஒரு முனை திறந்தது 'நிடோ' (பறவைக்கூடு), இன்னும் விரிந்தது 'அராக்னோ' (சிலந்தி). ஒற்றைக் கூண்டின் எலக்ட்ரான் கணக்கை 1971இல் கென்னத் வேட் வகுத்தார். ஒட்டிப் பிணைந்த பல கூண்டுகளுக்கான கணக்கு 2001இல் இந்தியாவிலிருந்து வந்தது. ஜெம்மிஸ், பாலகிருஷ்ணராஜன், பஞ்சரத்னா மூவரும் தந்த 'எம்.என்.ஓ. விதி' அது. கூண்டுகள், முனைகள், கூண்டுகள் ஒற்றை அணுவால் இணையும் இடங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கூட்டினால், மூடிய அமைப்புக்கு வேண்டிய எலக்ட்ரான் இணைகள் எத்தனை என்று கிடைக்கும். தனிக் கூண்டிலிருந்து திண்மப் போரானின் சிக்கலான படிகம்வரை இந்தக் கணக்கு நீள்கிறது.

லேக் கார்டன்ஸை அடுத்த ஜாதவ்பூரில் 1950 முதல் இயங்கும் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில் போரோசிலிகேட் கண்ணாடியும் ஆராயப்படுகிறது. அதிலும் போரான் மூன்று, நான்கு என்று ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது.

சௌபாக்கியம் பயனைப் புகழ்ந்தது. போரான் ஒரு சாயலைச் சொன்னது. பொரிகாரம் மட்டுமே நடப்பதைச் சொல்கிறது. வேதியியல் ஆசிரியர்கள் கரும்பலகையில் போராக்ஸ் என்று எழுதும்போது பக்கத்தில் அந்தச் சொல்லையும் எழுதட்டும்.