அம்பாசடரின் பின் சீட்டு

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் 'புஷ் புஷ்' என்றொரு பழைய வண்டி இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் 'பூஸ்' என்றால் தள்ளுவது. ஆள் பின்னால் நின்று தள்ளுவார். உட்கார்ந்திருப்பவர் கம்பியைப் பிடித்துத் திருப்புவார். யார் தள்ளினார், யார் உட்கார்ந்தார் என்பதை அந்த இருக்கையே சொல்லிவிடும்.

1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் முடிந்தது. சில வருடம் கழித்து அம்பாசடர் வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டிச் செய்தது. பழைய வண்டிகளில் முன் சீட்டு ஒரே பெஞ்சு, கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்தில். அதனால் முன்னாலும் மூன்று பேர் உட்காரலாம்.

சீட்டு உறையை எல்லோரும் 'ரெக்ஸின்' என்கிறோம். அது முதலில் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் பெயர். துணியின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசித் தோல் மாதிரி செய்தார்கள். பிறகு பி.வி.சி. பூச்சு வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை.

பழைய காரின் உள்பக்கத்தை வீட்டிலேயே சரி செய்கிறவர்கள் கிழிந்த உறையை முதலில் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. தையலைப் பிரித்து எடுத்தால் அந்தத் துண்டுகளே புது உறைக்கு அளவு. அடுத்து, கால் விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கடலோர ஊரில் அடியில் தங்கும் ஈரம் தகரத்தைத் தின்றுவிடும். துருவின் மேல் புது விரிப்பு போட்டால் பார்க்க மட்டும்தான் அழகு.

2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2017-ல் பிரான்சின் பெஜோ நிறுவனம் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயரை விற்கலாம், வாங்கலாம். குப்பைக்குப் போன பழைய உறையைத் திரும்ப வாங்க முடியாது.