முகவரியைக் கேட்டால் யார் பெயர் வரும்?

இணையத்தின் முதல் பெயரேட்டைப் பராமரித்தவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். உயிர்வேதியியல் படித்த எலிசபெத் ஃபைன்லர், 1972இல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் டக் எங்கல்பார்ட்டின் குழுவில் சேர்ந்தார். பிறகு அர்ப்பாநெட் வலையமைப்பின் தகவல் மையத்துக்குப் பொறுப்பேற்று 1989 வரை நடத்தினார். வலையில் சேரும் ஒவ்வொரு கணினியின் பெயரும் எண்முகவரியும் அங்கே ஒரே கோப்பில் பதிவாயின. மற்ற ஊர்க்காரர்கள் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள்.

கணினிகள் பெருகியபோது ஒரே ஏடு போதவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வகுத்தார். ஏடு பல மண்டலங்களாகப் பிரிந்தது. அவரவர் மண்டலத்தை அவரவர் எழுதலாம் என்றாயிற்று. காம், எஜு, கவ் என்னும் பெரும்பிரிவுகள் அமைந்ததில் ஃபைன்லரின் குழுவுக்கும் பங்குண்டு. மண்டலத்தை நிர்வகிப்பவருக்கான கையேட்டை 1987இல் எழுதியவர் அதே மையத்தின் மேரி ஸ்டால். முறையை வகுத்தது கண்டுபிடிப்பு, பெயர்களைப் பிழையின்றிக் காப்பது குமாஸ்தா வேலை என்று பிரித்துப் பார்க்கும் கண்ணுக்கு இப்பெண்கள் தெரிவதில்லை. ஃபைன்லர் இணையப் புகழரங்கில் சேர்க்கப்பட்டது 2012இல்தான்.

ஒரு கல்லூரியின் கேட்வேயில் டி.என்.எஸ். அமைப்பவர் இரண்டு மண்டலங்கள் எழுத வேண்டும். ஒன்று, பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும். மற்றொன்று, எண்ணைச் சொன்னால் பெயரைத் தரும். இந்த இரண்டாவதில் எண்ணைத் தலைகீழாக எழுதுவார்கள்: 192.168.1.10 என்பது 10.1.168.192 ஆகும். பெயரில் பெரும்பிரிவு வலக்கோடியில் இருக்கிறது, எண்ணில் இடக்கோடியில். இரண்டையும் ஒரே மரத்தில் வைக்க எண்ணைத் திருப்புகிறார்கள்.

உள்வலையில் இரண்டு மண்டலங்களையும் நாமே எழுதிக்கொள்ளலாம். வெளியுலகில் அப்படி இல்லை. பெயர் நம்முடையது, எண்ணுக்குரிய பதிவோ எண்தொகுதியை வைத்திருப்பவரின் கையில். அவர் எழுதாவிட்டால், எண்ணைக் கேட்பவருக்கு நம் பெயர் கிடைக்காது. அந்தப் பதிவு இல்லாத கணினியிலிருந்து வரும் மின்னஞ்சலைப் பல அஞ்சல் சேவையகங்கள் ஏற்காமல் திருப்பிவிடும்.

எங்கள் எரியோட்டில் இதை விளக்கப் பாடப்புத்தகம் வேண்டாம். நூற்பாலையில் உழைத்து ஒருத்தி கட்டிய வீட்டின் முன் நின்று, “இது யார் வீடு?” என்று கேளுங்கள். புருஷன் பெயர் வரும், இல்லையென்றால் மகன் பெயர். அவள் பெயர் இருக்கிறது. முகவரியிலிருந்து அவளுக்கு வரும் வழிதான் இல்லை. நம் இலக்கியத்திலும் இதைப் பார்க்கலாம். சங்கப் புலவர் வெள்ளிவீதியாருக்கு இருந்த இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. வீதிதான் வந்திருக்கிறது.

சட்டம் சில பதிவுகளை மாற்றி எழுதியது. 1989இல் தமிழ்நாடு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டைக்குக் குடும்பத்தின் மூத்த பெண்ணே தலைவி என்றது. ஆனால் அட்டை வேறு, பட்டா வேறு. ஒன்றில் எழுதிய பெயர் மற்றொன்றில் தானாக ஏறாது.

கேட்வே நிர்வாகிக்கும் இதுவே முதல் பாடம். பெயர் மண்டலத்தை எழுதி முடித்ததும் எண் மண்டலம் தானே நிரம்பிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. முகவரிமேல் உரிமை உள்ளவர் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த உரிமை யார் கையில் என்று கேட்பதிலிருந்துதான் பெண்களின் வேலை தொடங்குகிறது.