அமெரிக்காவில் ஆர்.வி பயணம்: ராத்திரி வண்டியை இலவசமாக எங்கே நிறுத்தலாம்?

நம்ம ஊரில் கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கிற அந்த மாதிரி வண்டியைச் சாதாரணக் குடும்பங்களே வாடகைக்கு எடுத்து ஓட்டுகின்றன. ரெக்ரியேஷனல் வெஹிக்கிள், சுருக்கமாக ஆர்.வி. கோடை விடுமுறையில், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் நேரமாகப் பார்த்து அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதில் கிளம்புகின்றன. ஹோட்டல் வாடகை மிச்சம், ரசம் சாதம் நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு இடிக்கிற இடம் ராத்திரி. வண்டி வாடகை தனி, பெட்ரோல் தனி. அதற்கு மேல் தண்ணீர், கரன்ட், கழிவுநீர்க் குழாய் மூன்றும் இருக்கிற தனியார் கேம்ப்கிரவுண்டில் நிறுத்தினால், சீசனில் ஓர் இரவுக்கு 60, 80 டாலர் சாதாரணமாகக் கேட்பார்கள். பத்து நாள் பயணத்தில் பாதி இரவுகளை இலவசமாக முடித்தாலே பெரிய தொகை மிஞ்சும். இலவச இடங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக நம்மை அனுமதிக்கிறார். அந்தக் காரணம் என்னவென்று தெரிந்துகொண்டால் இடம் தேடுவதும் சுலபம், நடுராத்திரி போலீஸ் வந்து ஜன்னலைத் தட்டுவதையும் தவிர்க்கலாம்.

உதாரணத்துக்கு, சிகாகோவிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிற வழியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஐ-90 நெடுஞ்சாலைதான். விஸ்கான்சின், மினசோட்டா, தெற்கு டகோட்டா, வயோமிங் என்று சுமார் 1,400 மைல். ஆர்.வி-யில் போனால் வழியில் மூன்று, நான்கு இரவாவது ஆகும்.

முதல் இரவுக்குப் பலரும் நம்புவது வால்மார்ட்டை. அமெரிக்கா முழுக்க 4,500-க்கும் மேற்பட்ட கடைகள், கடல் மாதிரி பார்க்கிங். ராத்திரி தங்குகிறவர் காலையில் பாலும் பிரெட்டும் அங்கேயேதான் வாங்குவார் என்பது கடைக்குத் தெரியும். ஆனால் 'எல்லா வால்மார்ட்டிலும் தங்கலாம்' என்பது பழைய கதை. அந்தந்தக் கிளை மேனேஜர்தான் முடிவு செய்கிறார். அவரே சரி என்றாலும் ஊர்ச் சட்டம் ராத்திரி பார்க்கிங்கைத் தடைசெய்திருந்தால் அவர் கையிலும் ஒன்றுமில்லை. அதனால் மதியமே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். "ஒரே ஒரு ராத்திரி, காலையில் ஏழு மணிக்குள் கிளம்பிடுவோம்" என்று சொன்னால் போதும். யார் அனுமதி கொடுத்தார்கள் என்று பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்தது என்பதற்காக அங்கே கூடாரம் போட்டுவிடக் கூடாது. நாற்காலியைப் போட்டு உட்காருவது, கிரில் பற்றவைப்பது, பக்கவாட்டில் நீளும் ஸ்லைடு-அவுட் அறையைத் திறந்து பக்கத்து இடத்தையும் பிடிப்பது எதுவும் வேண்டாம். கடை வாசலிலிருந்து தள்ளி, ஓரமாக, விளக்கு வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். கிராக்கர் பேரல் உணவகங்களிலும், கபேலாஸ், பாஸ் ப்ரோ ஷாப்ஸ் மாதிரியான வேட்டை, மீன்பிடி சாமான் கடைகளிலும் பல கிளைகள் இப்படி அனுமதிக்கின்றன. கேசினோக்களும்தான். பல இடங்களில் உள்ளே போய் செக்யூரிட்டியிடம் வண்டி நம்பரைப் பதிந்தால் சரி என்பார்கள். எந்த நம்பிக்கையில் அனுமதிக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பர்ஸ் பத்திரம்.

நெடுஞ்சாலையோர ரெஸ்ட் ஏரியாக்கள் அரசாங்கத்துடையவை. டிரைவர் தூக்கக் கலக்கத்தில் எங்கேயாவது மோதிவிடக் கூடாதே என்பதற்காகக் கட்டியவை. அதனால் ஓய்வெடுக்கலாம், 'கேம்ப்' போடக் கூடாது. எத்தனை மணி நேரம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 24 மணி நேரம்வரை விடுகிறார்கள், கலிஃபோர்னியாவில் 8 மணி நேரம், ஃப்ளோரிடாவில் 3 மணி நேரம்தான். எல்லை தாண்டியதும் சட்டமும் மாறிவிடும் என்பதால், வாசலில் இருக்கிற போர்டைப் படிக்காமல் படுக்காதீர்கள்.

பைலட், லவ்ஸ் மாதிரியான டிரக் ஸ்டாப்புகளில் ராத்திரி முழுக்க வெளிச்சம், குளிக்க ஷவர், சாப்பாடு எல்லாம் உண்டு. இருந்தாலும் என் கருத்தில் இது கடைசித் தேர்வாக இருக்கட்டும். அமெரிக்க லாரி டிரைவர்கள் 14 மணி நேர வேலைக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். பிறகு 10 மணி நேரம் கட்டாய ஓய்வு. 2017 டிசம்பரிலிருந்து இதை எலெக்ட்ரானிக் கருவி பதிவுசெய்கிறது, ஏமாற்ற முடியாது. நேரம் முடிந்தும் இடம் கிடைக்காத டிரைவர் சாலையோரத்தில் ஆபத்தான இடத்தில் நிறுத்த வேண்டிவரும். நமக்கு அது ஒரு ராத்திரி வசதி, அவருக்கு அது பிழைப்பு. வேறு வழியே இல்லையென்றால் உள்ளே போய்க் கேட்டு, ஆர்.வி-க்கென்று ஒதுக்கியிருக்கும் பகுதியில் நிறுத்துங்கள். லாரிக்கான நீள இடத்தில் வேண்டாம்.

மேற்கே போகப் போக...

தெற்கு டகோட்டாவில் மிசௌரி நதியைத் தாண்டியதும் நிலம் காய்ந்து, வெளி அகலமாகிவிடும். இங்கிருந்துதான் இலவசத் தங்கலின் அசல் சுகம். மேற்கு மாநிலங்களில் பெரும் பரப்பு மத்திய அரசின் நிலம். பி.எல்.எம் எனப்படும் நில மேலாண்மைத் துறையிடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர், வனத்துறையிடம் சுமார் 19.3 கோடி ஏக்கர். பொதுமக்களின் சொத்து என்பதால், தடை போடாத பகுதிகளில் காசு வாங்காமல் தங்க விடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் 14 நாள்வரை. கரன்ட், தண்ணீர், குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. இதற்கு 'பூன்டாக்கிங்' என்று பெயர். பிலிப்பைன்ஸின் தகாலாக் மொழியில் 'புன்டோக்' என்றால் மலை. அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்கள் எடுத்துவந்த சொல் இப்படி ஆகிவிட்டது!

நம்ம வழியில் இதற்கு நல்ல உதாரணம், வால் என்கிற சின்ன ஊர். 1930-களில் 'இலவச ஐஸ் தண்ணீர்' என்று நெடுஞ்சாலையில் போர்டு வைத்தே பிரபலமான வால் ட்ரக் மருந்துக்கடை இருக்கிற ஊர் இதுதான். இதன் தெற்கே, பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் வாசலுக்குச் சற்று முன்னால், பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில் ஒரு மண் சாலை பிரியும். அதன் ஓரம் முழுக்க மலைமுகடு. கீழே வரிவரியாக அரித்துப்போன மண் குன்றுகள். காலையில் திரையை விலக்கினால் தெரிகிற காட்சிக்கு எந்த ஹோட்டலிலும் அறை கிடையாது. கட்டணம் இல்லை. ஆனால் அங்கே காற்று பலமாக அடிக்கும், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். மழை பெய்தால் அந்தக் களிமண் டயரைப் பிடித்துக்கொள்ளும். வானம் கறுத்தால் அன்றைக்கு ஊருக்குள்ளேயே இருந்துவிடுவது உத்தமம்.

வாடகை வண்டிக்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பல ஒப்பந்தங்களில் மண் சாலையில் ஓட்டக் கூடாது என்றிருக்கும். ஓட்டி ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

தேசிய வனம் வேறு, தேசியப் பூங்கா வேறு. பலரும் குழம்புவது இங்கேதான். வனத்தில் தாராளம், பூங்காவில் கறார். யெல்லோஸ்டோனுக்குள் கேம்ப்கிரவுண்ட் தவிர வேறு எங்கேயும், பார்க்கிங்கிலோ சாலையோரத்திலோ, ராத்திரி தூங்க அனுமதி இல்லை. தண்ணீர், கரன்ட், கழிவுநீர் மூன்று இணைப்பும் உள்ள கேம்ப்கிரவுண்ட் உள்ளே ஒன்றே ஒன்றுதான், ஃபிஷிங் பிரிட்ஜ். பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். பூங்காவைச் சுற்றியிருக்கும் தேசிய வனங்களில் முயற்சி செய்யலாம். எங்கே நிறுத்தலாம் என்பதை வனத்துறை தரும் இலவச வாகன வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். அது கிரிஸ்லி கரடி நடமாடும் பகுதி. சாப்பாட்டுப் பாத்திரம், குப்பைப் பை எதையும் வெளியே வைக்கக் கூடாது. மீன் குழம்பு வைத்த சட்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

இடம் தேட ஐஓவர்லேண்டர், கேம்பெண்டியம் என்று ஆப்கள் இருக்கின்றன. அதில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, கடைசியாகத் தங்கியவர்கள் எழுதியதன் தேதியைப் பாருங்கள். போன வருடம் இலவசமாக இருந்த இடத்தில் இந்த வருடம் 'நோ ஓவர்நைட் பார்க்கிங்' போர்டு நிற்கலாம். ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் என்று இன்னொரு ஏற்பாடு உண்டு. வருடச் சந்தா கட்டினால் பண்ணைகள், திராட்சைத் தோட்டங்களில் ஓர் இரவு தங்கலாம். வாடகை இல்லை, ஆனால் அவர்களிடம் ஏதாவது வாங்குவது மரியாதை. ஜாமோ முட்டையோ வாங்கினால் நமக்கும் லாபம்தான்.

ஊருக்குள் தெருவோரம் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் வேண்டாம். அமெரிக்காவில் வீட்டு வாடகை கட்ட முடியாமல் வண்டியிலேயே வாழ்கிறவர்கள் உண்டு. 'நோமேட்லேண்ட்' படம் காட்டியது இவர்களில் சிலரைத்தான். பொது இடத்தில் படுப்பதைத் தடைசெய்து தண்டிக்க நகராட்சிகளுக்கு உரிமை உண்டு என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுற்றுலாவாசி குப்பையைப் போட்டுவிட்டுப் போனால், அடுத்து வரும் தடை போர்டு முதலில் பாதிப்பது வண்டியைத் தவிர வேறு வீடு இல்லாதவரைத்தான்.

எங்கே தங்கினாலும் இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேருங்கள். சமதளமாக இருக்கணும். வண்டி சாய்ந்திருந்தால் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிராது. கிளம்பும்போது ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாதபடி முகப்பை வாசலைப் பார்த்து நிறுத்துங்கள். மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், காரணம் தேடாமல் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால்தான் அந்த முடிவைத் தைரியமாக எடுக்க முடியும்.

தொடர்ந்து எத்தனை இரவு இப்படி ஓட்டலாம் என்பதை முடிவு செய்வது தண்ணீர் டேங்க்தான். நாலு பேர் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவினால் இரண்டாவது நாளே காற்று வரும், கழிவுத் தொட்டியும் நிரம்பியிருக்கும். இரண்டு இரவு இலவசம், மூன்றாவது இரவு காசு கொடுத்துக் கேம்ப்கிரவுண்ட் என்று வைத்துக்கொள்வது குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சரியாக வரும். அங்கே தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, எல்லாரும் நன்றாகக் குளித்து, கழிவையும் காலி செய்துவிடலாம். கழிவை மட்டும் காலி செய்வதென்றால் பல பெட்ரோல் பங்க்குகளில் 'டம்ப் ஸ்டேஷன்' உண்டு. சில மாநிலங்களில் ரெஸ்ட் ஏரியாவிலேயே இருக்கும். கையுறை மறக்காதீர்கள்.