கடைக்கும் ஒரு வரலாறு உண்டு

சூளகிரியின் கடைத்தெருவில் சற்று நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகள் நம் காதில் விழும். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் அது. அங்கு விலைபேசப்படும் கொத்தமல்லிக் கட்டுகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் பயணமாகின்றன. சாலை அகலுந்தோறும், தொழிற்சாலைகள் பெருகுந்தோறும் இத்தகைய ஊர்களில் பழைய கடைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. கோட்டைக்கும் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வரலாறு எழுதுவோர் உண்டு. கடைக்கு யார் எழுதுகிறார்கள்?

கடையின் வரலாறு எழுதத் தக்கது என்பதற்கு, அந்நெடுஞ்சாலை வழியே சென்றடையும் சென்னை மாநகரில் ஒரு சான்று நிற்கிறது. மவுண்ட் ரோடு என்று முன்னாளில் அழைக்கப்பட்ட அண்ணா சாலையில், செந்நிறச் செங்கல்லும் வளைவுகளும் குமிழ் மாடங்களும் கூர்முனைக் கோபுரங்களுமாக எழுப்பப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடமே அது. பார்ப்போர் அதை அரண்மனை என்றே கருதுவர். ஆனால் 1897-ஆம் ஆண்டில் அது கட்டப்பட்டது ஒரு மருந்துக் கடைக்காக!

உதகையிலிருந்து சென்னைக்கு வந்து மருந்து வணிகம் செய்த டபிள்யூ. இ. ஸ்மித் என்பாரின் நிறுவனம் அதனை எழுப்பியது. அன்று அதன் பெயர் 'கார்டைல் கட்டடம்'. வடிவமைத்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். மருந்து விற்கும் கடைக்கு மாடமும் கோபுரமும் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை அக்காலச் சென்னையின் கட்டடக் கலையில் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768-இல் சேப்பாக்கத்தில் அமைத்த அரண்மனையே, பின்னர் இந்தோ-சாரசனிக் என்று பெயர் பெற்ற பாணிக்கு முன்னோடி என்பர். 1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்ததும், ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்தனர், அரண்மனையையும் தமதாக்கிக்கொண்டனர். ஆட்சி போயிற்று; அழகு போகவில்லை. நவாபின் மாடங்களை அரசு அலுவலகங்கள் மேற்கொண்டன; அலுவலகங்களைப் பார்த்து வணிகரும் மேற்கொண்டனர். அரண்மனைக்கு உரியதாயிருந்த அழகு, காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவனின் தலைக்கு மேலும் கவிந்தது.

கட்டடம் கைமாறிய கதையும் நாட்டின் கதையே. ஸ்மித்தின் வணிகம் ஸ்பென்சர் நிறுவனத்திடம் சேர்ந்தது. 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டடத்தை வாங்கிற்று. 1896-இல் லாகூரில் தொடங்கப்பட்ட இந்தியக் காப்பீட்டு நிறுவனம் அது. வெள்ளையர் கட்டிய கடைமீது 'பாரத்' என்னும் பெயர் ஏறியது, விடுதலைக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என்பதை நாம் கருத வேண்டும். 1956-இல் 245 காப்பீட்டு நிறுவனங்களும் சங்கங்களும் அரசுடைமையாகி ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தபோது, இக்கட்டடமும் கழகத்தின் உடைமையாயிற்று. அதே சாலையில் 1959-இல் கழகத்தின் உயர்ந்த மாடிக் கட்டடம் திறக்கப்பட்டது. ஊரார் அனைவரும் புதியதை அண்ணாந்து பார்த்தனர். பழையது மெல்ல மெல்லக் கவனிப்பாரற்றுப் போயிற்று.

2006-இல், பழுதுற்று ஆபத்தான நிலையில் உள்ளது என்று கூறி அதனை இடிக்கத் தொடங்கினர். ஒரு பகுதி சிதைக்கவும் பட்டது. இன்டாக் என்னும் மரபுக் காப்பு அமைப்பு உயர் நீதிமன்றத்தை அணுகித் தடை பெற்றது. 2010-இல் வந்த தீர்ப்பு, இடிக்கலாகாது என்றது. இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. 1892-இல் திறக்கப்பட்ட அந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தின் பணியில் ஹென்றி இர்வினுக்குத் துணை நின்றவர் யார் தெரியுமா? இதே ஸ்டீபன்ஸ்! அவர் எழுப்பத் துணைநின்ற மன்றமே, ஒரு நூற்றாண்டுக்குப் பின் அவர் வடித்த கடையைக் காத்தது.

எனினும் நாம் மகிழ்ந்து அமைதியுற இயலாது. தீர்ப்பு கடப்பாரையைத் தடுத்ததே தவிர, ஒழுகும் கூரையை அடைக்கவில்லை. தீர்ப்புக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் அக்கட்டடம் பாழடைந்தே கிடந்தது. இடிப்பது குற்றம் என்றால், கண்ணெதிரே இடிய விடுவது மட்டும் எப்படி நன்மையாகும்?

மாநகரின் கட்டடத்துக்காக வழக்காட ஓர் அமைப்பு இருந்தது. சூளகிரி போன்ற ஊர்களின் ஓட்டுக் கடைகளுக்கும் திண்ணை வைத்த மண்டிகளுக்கும் அப்படி ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. சாலை வேண்டும், பிழைப்பும் வேண்டும். ஆயினும் ஒரு கடையை இடிக்குமுன், கட்டியவர் யார், என்ன விற்றார், யார் யாருக்குக் கைமாறிற்று என்று வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதி வைக்கலாமே. கிரயப் பத்திரமும் பழைய பேரேடும் எடைக்குப் போகாமல் இருந்தாலே போதும். பாரத் கட்டடத்தின் கதையை நாம் இன்று சொல்ல முடிவது, யாரோ சிலர் அதனைக் குறித்து வைத்ததனால்தான். சுவர் ஒருநாள் விழும். எழுதி வைத்தது அதன் பிறகும் பேசும்.